மூன்றாவது பட்டை

முனிச்சாலைச் சந்துக்குள், மாடியில்,
பன்னிரண்டு தலை எம்பிராய்டரி எந்திரம்
பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை
பன்னிரண்டு சார்ஜெண்டுகளைப் பெற்றுப் போடுகிறது.
ஓட்டப் பரீட்சை இல்லை, சல்யூட் இல்லை,
நெஞ்சளவு யாரும் எடுப்பதில்லை.

பெல்ஜியத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும்
பழைய யுத்தத்தை மறுபடி நடத்துகிறார்களாம்.
செத்தவர்கள் சாயங்காலம் எழுந்து
மண்ணைத் தட்டிக்கொண்டு
காரில் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.
அவர்களுக்குப் பதவி கொடுப்பது
நானும் ஜெயராக்கினியும்.

விளையாட்டென்று நினைத்துவிட வேண்டாம்.
ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள்.
பாலியெஸ்டர் நூலென்றால் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்,
சோப்புத்தூளில் அலசினாலும் அப்படித்தான்.
ஒருமுறை அறுபது ஜோடி திரும்பி வந்தது.
அதற்குப் பிறகு பருத்தி நூல், சீயக்காய் அலசல்,
கடைசியில் டீத்தண்ணீரில் ஒரு முக்கு.
மகபூப்ஜான் கடையில் வடிகட்டி எறியும் தூளை
வாளியில் வாங்கி வருவோம்.
எண்பது வருஷம்
முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடும்.

பங்குனிக் கடைசியில் ஓர் ஆர்டர்.
ஒரே ஒரு சட்டை, துணியும் அவர்களே அனுப்பியது.
பட்டை வேண்டாம்.
பட்டை இருந்து பிடுங்கப்பட்ட கை வேண்டும்.
நிழல் தெரிய வேண்டும், ஊசித் துளை தெரிய வேண்டும்.
பதவி இறக்கப்பட்ட ஒருவனாக
நடிக்கப் போகிறாராம் அந்த ஆள்.
பட்டை இல்லாததற்கு இரண்டு மடங்கு விலை.

துவாரகநாத் அண்ணன் தலையைச் சொறிந்தார்.
பிளீச் தெளித்துப் பார்க்கலாமா என்றார்.
நான் ஒன்றும் சொல்லாமல் சட்டையை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு ஆணியில் அப்படி ஒன்று தொங்குகிறது.

மேலூர் கோர்ட்டிலிருந்து திரும்பும் வழியில்
கைதிக்குப் பசி.
பரோட்டா பிய்க்க இரண்டு கை வேண்டாமா என்று
இவர் ஒரு பக்கத்து விலங்கைக் கழற்றினார்.
சால்னாவுக்குத் திரும்பிய நேரம்தான்.
போனவன் பரோட்டாவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.
ஏழு மாத விசாரணை.
ஏட்டாகப் போனவர்
முதல்நிலைக் காவலராக வந்தார்.
இரண்டு கையிலும் மூன்றாவது பட்டையை
பிளேடு முனையால் நான்தான் பிரித்தேன்.
தூங்குகிறவர்போல் படுத்திருந்தார்.
அடியில் காக்கி புத்தம் புதுசாக இருந்தது,
ஒருநாளும் வெயில் படாமல்.

அதனால் தெரியும், பிளீச் வேலைக்காகாது.
மூன்று பட்டையையும் நிஜமாகவே தைத்து
மொட்டைமாடிக் கொடியில் போட்டேன்.
சித்திரை முழுக்க மதுரை வெயில்
கூலி கேட்காமல் வேலை பார்த்தது.
ஊரே ஆற்றுக்குப் போன அன்றைக்கும்
சட்டை மட்டும் மாடியில்
பந்தோபஸ்து நின்றது.
வைகாசி முதல் வெள்ளி, பிளேடை எடுத்தேன்.

டூட்டி முடிந்து வந்தவர்
கட்டிலில் கிடந்ததைப் பார்த்தார்.
கையை வெளிச்சத்தில் பிடித்து
துளைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.
"ரொம்ப நெருக்கமா இருக்கு.
லைன் டெய்லர் இப்படித் தைக்க மாட்டான்.
அவனுக்கு நாளைக்கு முப்பது சட்டை."
சரிதான்.
ஒன்று விட்டு ஒன்றை
ஈர நகத்தால் நீவி மூடினேன்.

"யாரு இது?"
"பெல்ஜியத்துல ஒருத்தர்."
"என்ன பண்ணுனானாம்?"
"ஆர்டர்ல எழுதல."

கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்.
"பசிக்குதுன்னு எவனாவது கேட்டிருப்பான்."

பிறகு மடித்துக் கொடுத்தார்,
அது ஆயுதப்படை மடிப்பு, முனை முறியாமல்,
கை இரண்டும் உள்ளே போகும்படி.

அவர் குளிக்கப் போனதும் பிரித்தேன்.
கை மேலே தெரியும்படி
மறுபடி மடித்தேன்.
கேட்டது அதைத்தான்.